டிக்கிக்கு அடியில் ஒரு ஜெனரேட்டர்

"வாங்கினால் முழு எலெக்ட்ரிக் வாங்கு, இல்லையா, பெட்ரோலிலேயே இரு. இது என்ன ரெண்டுங்கெட்டான்?"

2018-ல் நான், பேட்டரியோடு ஒரு சின்னப் பெட்ரோல் ஜெனரேட்டரும் வைத்த பழைய பி.எம்.டபிள்யூ ஐ3 கார் ஒன்றை வாங்கியபோது, கலிஃபோர்னியாவில் எங்கள் ஃப்ரீமாண்ட் ஊர் வாட்ஸப் குழுவில் வந்த முதல் பதில் இது. போன வாரம் அதே குழுவில், ஜெனரேட்டர் வைத்து வரப்போகிற பெரிய எலெக்ட்ரிக் பிக்கப் வண்டிகளின் படங்களைப் போட்டு, "இதுதான்பா சரியான வழி" என்று இரண்டு நாள் பேச்சு ஓடியது. எனக்கு மனசு கேட்கவில்லை. ஏழு வருடமாக அந்த வழியில் ஓட்டிக்கொண்டிருக்கிறவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றி. 2015 மாடல், லீஸ் முடிந்து திரும்பி வந்தது. 22 யூனிட் மின்சாரம் பிடிக்கும் பேட்டரி. கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட்தான். வண்டி எப்போதும் மின்மோட்டாரில்தான் ஓடும். டிக்கியில் விரிப்பைத் தூக்கினால் ஒரு மூடி, அதற்குக் கீழே 647 சிசி, இரண்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். பி.எம்.டபிள்யூவின் பெரிய ஸ்கூட்டரில் இருந்து எடுத்தது, தைவானின் கிம்கோ நிறுவனம் செய்து கொடுத்தது. அந்த எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. பேட்டரி தீரும் நேரத்தில் ஓடி, கரண்ட் தயாரித்துக் கொடுக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. அமெரிக்க அரசின் கணக்குப்படி பேட்டரியில் 72 மைல், பெட்ரோலும் சேர்ந்தால் 150 மைல்.

நம் ஊரில் கல்யாண மண்டபம் பார்க்கப் போகும்போது என்ன கேட்போம்? சமையல்கட்டு, பார்க்கிங், அப்புறம் "ஜெனரேட்டர் இருக்கா?" முகூர்த்த நேரத்தில் கரண்ட் போகாமலே இருக்கலாம். ஜெனரேட்டர் ஒரு நிமிடம்கூட ஓடாமல் கல்யாணம் முடிந்துவிடலாம். அதற்காக ஜெனரேட்டர் இல்லாத மண்டபத்தை யாரும் பிடிக்க மாட்டோம். அது பின்னால் நிற்கிறது என்ற தைரியத்தில்தான் பெண்வீட்டார் நிம்மதியாகப் பந்தியைக் கவனிக்கிறார்கள்.

என் வண்டியும் அப்படித்தான். வீட்டிலிருந்து சன்னிவேல் அலுவலகம் போய்த் திரும்ப 40 மைல். ராத்திரி வீட்டில் சொருகினால் காலையில் நிறைந்திருக்கும். வாரக் கணக்கில் எஞ்சின் சத்தமே கேட்காது. ரொம்ப நாள் ஓடாமல் கிடந்தால் கெட்டுவிடக்கூடாது என்று, சில வாரங்களுக்கு ஒருமுறை அது தானே கொஞ்ச நேரம் ஓடிப் பார்த்துக்கொள்ளும். பெட்ரோல் போட்டதை எல்லாம் ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். 61,000 மைலில் மொத்தம் 120 கேலன். எஞ்சினில் ஓடியது நாலாயிரத்து ஐந்நூறு மைல் இருக்கும். மிச்சம் எல்லாம் சுவரில் சொருகிய கரண்ட். ரெண்டுங்கெட்டான் என்றவர்களுக்கு என் பதில் அந்த நோட்டில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஜெனரேட்டர் இல்லாவிட்டால் நான் எலெக்ட்ரிக் பக்கமே வந்திருக்க மாட்டேன். ஒரே கார் உள்ள வீடு எங்களுடையது. வழியில் நின்றுவிடுமோ என்ற பயம் வருடத்தில் பத்து நாளுக்கானதுதான். ஆனால் வண்டி வாங்கும்போது அந்தப் பத்து நாள்தான் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். மிச்ச 355 நாளை நான் மின்சாரத்தில் ஓட்ட முடிந்தது அந்த ஸ்கூட்டர் எஞ்சின் தந்த துணிச்சலால்.

2019 மே மாதம் உசிலம்பட்டியில் இருந்து அம்மா வந்திருந்தார். மாலிபு வெங்கடேஸ்வரா கோயிலைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஃப்ரீமாண்டில் இருந்து அந்தக் கோயில் இருக்கும் கலபாசாஸ் வரை 101-ஆம் நெடுஞ்சாலையில் 350 மைலுக்கு மேல். ஐந்தாம் நெடுஞ்சாலை வேகம், ஆனால் அம்மாவுக்கு வயல்களைக் காட்ட வேண்டும் என்று 101-ஐப் பிடித்தேன்.

அம்மாவுக்கு வண்டியில் முதலில் பிடித்தது கதவு. முன்கதவும் பின்கதவும் பீரோ மாதிரி எதிரெதிராகத் திறக்கும், நடுவில் தூண் கிடையாது. முட்டி வலி உள்ளவர் குனியாமல், திரும்பாமல், நேராகப் போய் உட்கார்ந்தார். முன்கதவைத் திறக்காமல் பின்கதவு திறக்காது என்பது நெருக்கமான பார்க்கிங்கில் தொல்லைதான், ஆனால் அம்மா உட்கார்ந்ததைப் பார்த்த பிறகு அதை நான் குறையாகச் சொல்வதில்லை. டாஷ்போர்டைத் தடவிப் பார்த்து "இதென்ன சணல் மாதிரி இருக்கு?" என்றார். கெனாஃப் என்கிற செடியின் நாரில் செய்தது, நம் புளிச்சக்கீரை இனம் என்றேன். "கீரைத்தண்டுலயா காரு பண்ணுறாய்ங்க?" என்று இன்னொரு முறை தடவினார். வண்டியின் உடம்புக்கூடு கார்பன் ஃபைபர். அந்தக் கார்பன் நார் வாஷிங்டன் மாநிலத்து மோசஸ் லேக்கில் நீர்மின்சாரத்தில் தயாராகி ஜெர்மனிக்குப் போய், லைப்சிக் ஆலையில் காராகித் திரும்பி வந்தது.

கில்ராயில் ஜன்னலைத் திறந்தேன். பூண்டு வாசம். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பேட்டரி 6 சதவீதத்தைத் தொட, பின்னால் எஞ்சின் எடுத்தது. அம்மா திரும்பிப் பார்த்தார்.

"ஏய்யா, யாரோ மோட்டார் போட்டுவிட்டாய்ங்க போல?"

தோட்டத்துப் பம்ப்செட்டைச் சொல்கிறார். எனக்கும் அன்றிலிருந்து அது பம்ப்செட் சத்தம்தான். நெடுஞ்சாலை வேகத்தில் டயர் இரைச்சலில் அமுங்கிவிடும், சிக்னலில் நின்றால்தான் தெரியும்.

சாலினாஸில் வேகச் சார்ஜரில் அரைமணி நேரம். அதற்குள் கட்டுச்சோறு முடிந்தது. அங்கிருந்து பாசோ ரோபிள்ஸ் வரை கிட்டத்தட்ட நூறு மைல். அப்போது என் வண்டிக்கு நடுவில் நம்பிப் போகிற மாதிரி வேகச் சார்ஜர் இல்லை. என் பேட்டரி மட்டும் என்றால் அந்த இடைவெளியைத் தாண்டியிருக்கவே முடியாது. கிங் சிட்டியில் பெட்ரோல் போட்டோம். டேங்க் மூடி முன்பக்க வலது மட்கார்டில் இருக்கும். ஒரு பட்டனை அழுத்தி, டேங்கின் அழுத்தம் இறங்கியதைத் திரையில் பார்த்த பிறகுதான் திறக்க வேண்டும். 1.9 கேலனில் நிறைந்துவிட்டது. ஏழு லிட்டர் சொச்சம். நம் ஊர் ஸ்பிளெண்டரின் டேங்க்கூட இதைவிடப் பெரியது.

கோயிலில் நல்ல தரிசனம். திரும்பி வரும்போதுதான் சோதனை.

சான் லூயிஸ் ஒபிஸ்போவுக்குள் வந்தபோது பேட்டரி காலி. கடைவளாகத்துச் சார்ஜர் ஒன்றின் திரை கறுப்பாகக் கிடந்தது, இன்னொன்று அட்டையை வாங்கிக்கொண்டு பிழைச் செய்தி காட்டியது. எங்களுக்கு முன்னால் ஒரு சின்ன எலெக்ட்ரிக் கார். அதை ஓட்டி வந்தவர் சார்ஜர் கம்பெனியோடு போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார். மனைவி பின்சீட்டில் குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு பையன் சார்ஜர் கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். முக்கால் மணி நேரமாக நிற்கிறார்களாம். அம்மா பையில் இருந்து கோயில் லட்டை எடுத்து, பாதியாகப் பிட்டு, அந்தப் பையனிடமும் அவன் அம்மாவிடமும் கொடுத்துவிட்டு வந்தார். இங்கிலீஷ் தெரியாது. அவர்களுக்கும் அது தேவைப்படவில்லை.

நாங்கள் பக்கத்து பங்கில் பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டோம். அவர்கள் மெதுவான சார்ஜர் எங்கே என்று தேடிப் போனார்கள். அந்தக் குடும்பத்தின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. "பேட்டரி மட்டும்தான் சுத்தம், மற்றதெல்லாம் சமரசம்" என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் கம்பத்தைச் சுற்றி வந்த பையன்தான் நினைவுக்கு வருவான்.

ஊரைத் தாண்டியதும் குவெஸ்டா கிரேட் ஏற்றம். மூன்று மைலுக்கு ஏறக்குறைய 7 சதவீதச் சரிவு, உச்சி சுமார் 1,500 அடி. இங்கேதான் இந்த வண்டியைப் புரிந்து ஓட்ட வேண்டும். ஜெனரேட்டர் அதிகபட்சம் தருவது 25 கிலோவாட். சமதரையில் 65 மைல் வேகத்துக்கு அது தாராளம். அதே வேகத்தில் இந்த ஏற்றத்தை ஏறினால் மோட்டார் அதைப்போல இரண்டு மடங்கு கேட்கும். குறைவதைப் பேட்டரி ஈடுகட்ட வேண்டும். அதில் மிச்சம் இருப்பதோ 6 சதவீதம், ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். மூன்று நிமிடத்தில் தீர்ந்துவிடும். 45 மைலுக்குக் குறைத்தால் கொடுப்பதும் கேட்பதும் ஏறக்குறைய சமம். வலது ஓரத்தில் ஒரு லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டேன். "லாரி பின்னாடியே போய்யா, என்ன அவசரம்" என்றார் அம்மா. உச்சியைத் தொட்டபோதும் பேட்டரியில் ஒரு கோடு மிச்சம் இருந்தது. பாசோ ரோபிள்ஸில் சார்ஜர் வேலை செய்தது. அப்புறம் சாலினாஸ் பள்ளத்தாக்கின் எதிர்க்காற்று இன்னொரு முறை பெட்ரோல் போட வைத்தது. ராத்திரி பதினொன்றுக்கு வீடு.

இப்போது என் ஆதங்கத்துக்கு வருகிறேன். அந்த ஏற்றத்தில் நான் லாரிக்குப் பின்னால் போயிருக்க வேண்டியதே இல்லை. ஐரோப்பாவில் விற்ற இதே வண்டியில், பேட்டரி 75 சதவீதத்துக்குக் கீழே வந்ததும் டிரைவரே எஞ்சினைப் போட்டு, இருக்கிற சார்ஜைக் காப்பாற்றி வைத்துக்கொள்ளலாம். மலை வருகிறது என்று தெரிந்தால் முப்பது மைல் முன்னாலேயே போட்டுவிடலாம். டேங்கும் முழுசாக ஒன்பது லிட்டர். அமெரிக்காவில் விற்ற என் வண்டியில் அந்த வசதி மென்பொருளில் மூடப்பட்டது, டேங்கின் அளவும் மென்பொருளாலேயே குறைக்கப்பட்டது. காரணம் கலிஃபோர்னியா காற்றுவள வாரியத்தின் விதி. இந்த வகை வண்டிக்குப் பேட்டரி வண்டியை ஒட்டிய சலுகை வேண்டுமென்றால், பெட்ரோலில் ஓடும் தூரம் பேட்டரியில் ஓடும் தூரத்தைத் தாண்டக்கூடாது, பேட்டரி தீரும்வரை எஞ்சின் எடுக்கவும் கூடாது.

விதி போட்டவர்களின் கவலை புரிகிறது. சொருகாமலே பெட்ரோலில் ஓட்டிக்கொண்டு எலெக்ட்ரிக் சலுகையை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஏழு லிட்டர் டேங்க் உள்ள வண்டியை யார் தினமும் பெட்ரோலில் ஓட்டுவார்கள்? ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பங்குக்குப் போக யாருக்குப் பொறுமை இருக்கிறது? அந்தச் சின்ன டேங்க்கே போதுமான கடிவாளம். அதற்கு மேல் மலையைக் கண்ணால் பார்க்கிற டிரைவரின் கையைக் கட்டிப்போட்டதில் காற்றுக்கு ஒரு லாபமும் இல்லை. ஏற்றத்தில் வண்டி திணறும் என்ற கெட்டபெயர்தான் மிச்சம்.

வண்டியும் போய்விட்டது. அமெரிக்காவில் 2021-ஓடு விற்பனை முடிந்தது, 2022-ல் லைப்சிக்கில் தயாரிப்பே நின்றது. இரண்டரை லட்சம் வண்டிகளோடு சரி. இதேபோலப் பேட்டரியோடு பெட்ரோல் எஞ்சினும் வைத்த ஷெவர்லே வோல்ட் அதற்கு முன்னாலேயே 2019-ல் போனது.

இப்போது அதே யோசனை திரும்பி வருகிறது, எதில் என்று பாருங்கள். ராம் நிறுவனம் 2023-ல் அறிவித்த பிக்கப்பில் 92 யூனிட் பேட்டரி, அதோடு 3.6 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின். என் வண்டியைப்போல நாலு மடங்குக்கு மேல் பேட்டரி, ஐந்து மடங்குக்கு மேல் எஞ்சின். அடுத்த வருடமே ஸ்கவுட் என்ற இன்னொரு நிறுவனம் வந்து, பிக்கப்புக்கும் பெரிய எஸ்யூவிக்கும் ஜெனரேட்டர் தருகிறோம் என்றது. பாரம் இழுக்கிறவர்களுக்கு அது தேவை, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் குழுவில் அந்தப் படங்களைப் போட்டவர்கள் யாரும் படகு இழுப்பவர்கள் இல்லை. பிள்ளையைப் பள்ளியில் விட்டு, அலுவலகம் போய், வருடத்துக்கு இரண்டு முறை கோயிலுக்கும் யோசெமிட்டிக்கும் போகிறவர்கள். அவர்களுக்கு வேண்டியது 40 யூனிட் பேட்டரி, ஒரு ஸ்கூட்டர் எஞ்சின், நாலு சீட். அதை இன்று இந்த ஊரில் புதிதாக விற்பவர் ஒருவர்கூட இல்லை. பத்து நாள் பயணத்துக்காக 100 யூனிட் பேட்டரியை வருடம் முழுக்கச் சுமந்து திரிவதை நாம் முன்னேற்றம் என்று ஏற்றுக்கொண்டுவிட்டோம். என் 22 யூனிட் பேட்டரியில் பாதிக்கு மேல் தினமும் வேலை செய்கிறது. பெரிய பேட்டரியில் பெரும்பகுதி சும்மா சவாரி செய்கிறது, அதைச் செய்யத் தோண்டிய லித்தியமும் சேர்ந்து.

என் வண்டிக்கு இப்போது வயதாகிவிட்டது. 72 மைல் இன்று 58 ஆகியிருக்கிறது. வீடியோ காலில் அம்மா இன்னும் "பம்ப்செட்டு எப்படி ஓடுது?" என்றுதான் கேட்கிறார். இதே வண்டியின் கடைசி வடிவம், 2019 முதல் 2021 வரை வந்தது, 42 யூனிட் பேட்டரியோடு 126 மைல், எஞ்சினும் சேர்த்து 200 மைல். அதில் ஒன்றைத்தான் வாங்கத் தேடுகிறேன். எஞ்சின் வைத்தது மட்டும்தான் வேண்டும், அதை மறக்க வேண்டாம். நிறம் எதுவானாலும் பரவாயில்லை, வேகச் சார்ஜிங் இருக்க வேண்டும். பே ஏரியா, சேக்ரமெண்டோ பக்கம் யாரிடமாவது இருந்து விற்கிற எண்ணம் வந்தால், வேறு எங்கும் விளம்பரம் போடுவதற்கு முன் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள்.