நானோ ஆபத்தை எந்தத் தண்ணீரில் சோதிக்கப் போகிறீர்கள்?

நானோ பொருட்களின், அதாவது மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான துகள்களின், ஆபத்தை ஆராய அரசு திட்டம் போட வேண்டும், சரி. ஆனால் ஏற்கெனவே நடக்கிற புராஜெக்டுகளை அடுக்கிக் காட்டினால் அது திட்டம் ஆகாது. அமெரிக்கா 2008ல் அப்படித்தான் ஓர் ஆவணம் போட்டது. அதே ஆண்டு டிசம்பரில் அவர்களுடைய தேசிய ஆராய்ச்சிக் குழுவே அதைக் கிழித்துத் தொங்கவிட்டது. ஆபத்து ஆராய்ச்சி என்று கணக்குக் காட்டியதில் பல, நானோவை வைத்து மருந்து செய்கிற வேலை!

இங்கே 2020ல் வந்த மத்திய அரசின் வழிகாட்டி விவசாய, உணவுப் பொருட்களுக்கு மட்டும். நானோ துகள் கலந்து படகுக்கு அடிக்கும் பெயிண்டும் சன்ஸ்கிரீனும் அதில் வராது. ராமநாதபுரம் கரைக்கு அவையும்தானே முக்கியம்?

அதைவிடப் பெரிய சிக்கல் சோதனை முறையில் இருக்கிறது. வழக்கமாக டாஃப்னியா என்ற நன்னீர்ச் சிற்றுயிரை 48 மணி நேரம் விட்டுப் பார்ப்பார்கள். கடல்நீரிலோ லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. துகள்கள் ஒன்றையொன்று தள்ளி நிற்கக் காரணமான மின்னூட்டத்தை அந்த உப்பு மறைத்துவிடும். துகள்கள் ஒட்டிக் கட்டியாகி அடியில் படியும். டப்பாவில் 30 நானோமீட்டர் என்று இருப்பது கடலில் அப்படியே இருக்காது. மேல்நீரில் நீந்தும் உயிரை மட்டும் பார்த்து 'பாதிப்பில்லை' என்று எழுதினால், சேற்றைத் தின்னும் புழுவையும் கடல் அட்டையையும் மட்டியையும் யார் பார்ப்பது?

சன்ஸ்கிரீனில் சேர்க்கும் துத்தநாக ஆக்சைடு கரையவும் செய்யும். செத்தது துகளாலா, கரைந்த துத்தநாகத்தாலா? நன்றாகக் கரையும் துத்தநாகக் குளோரைடை, அதே அளவு துத்தநாகம் வரும்படி போட்ட தொட்டி ஒன்று பக்கத்தில் இல்லாவிட்டால் சொல்லவே முடியாது. கரைந்ததைப் பிரிக்க 0.45 மைக்ரான் வடிதாள் போதாது. அது 450 நானோமீட்டர் ஓட்டை, துகளும் கூடவே இறங்கிவிடும். அதைவிட மிக நுண்ணிய ஓட்டையுள்ள அல்ட்ராஃபில்டர் வேண்டும், அதற்குப் பட்ஜெட்டும் வேண்டும். முடிவை மில்லிகிராமில் மட்டும் எழுதுவதும் தப்பு. ஒரே எடையில் 1 மைக்ரான் துகளைவிட 10 நானோமீட்டர் துகளுக்கு மேற்பரப்பு 100 மடங்கு.

ராமநாதபுரத்தின் வடகடல் (பாக் விரிகுடா) வாடைக்காலத்தில் கலங்கும். மழைநீர் இறங்கினால் கரையோரத்தில் உப்பும் குறையும். தென்கடல் (மன்னார் வளைகுடா) வேறு மாதிரி. ஆகவே இரண்டு உப்பு அளவில், வண்டல் போட்டும் போடாமலும் சோதிக்கச் சொல்லித் திட்டத்திலேயே எழுத வேண்டும்.

இன்னொன்று, துத்தநாகமும் படகுப் பெயிண்டில் சேர்க்கும் செம்பும் சேற்றில் இயற்கையாகவே இருப்பவை. இப்போதைய அளவு தெரியாவிட்டால், பின்னால் கூடியது எவ்வளவு என்று சொல்ல முடியாது. தேவிபட்டினம் முதல் கீழக்கரை வரை படகுத் துறைகளிலும் துறை இல்லாத இடங்களிலும் மேல்வண்டலை இப்போதே பிளாஸ்டிக் கரண்டியால் எடுத்து உறைய வைக்க வேண்டும். உலோகக் கரண்டி பட்டால் அளவு கெடும். இதற்கு ஆகும் செலவு கருவிச் செலவில் தூசு. முதல் ஆண்டு நிதியில் முதல் வரியாக இது வரட்டும்.