அந்த மோர் பாட்டில் விவகாரம்

பயிற்சி வகுப்பு வாட்ஸப் குழுவில் நேற்று நடந்ததைப் பாதிப் பேர் ஸ்க்ரீன்ஷாட்டிலேயே பார்த்துவிட்டீர்கள், அதனால் முழுக்கதை வேண்டாம். "பிள்ளைகளுக்கு மோர், நீராகாரமெல்லாம் கொடுத்தனுப்பாதீர்கள், ஸ்போர்ட்ஸ் டிரிங்க் வாங்கிக் கொடுங்கள்" என்ற செய்தி, அதற்குக் கீழே வரிசையாகப் பதினேழு கட்டைவிரல். அங்கே மோர் கொண்டுபோகிறவள் என் மகள் ஒருத்திதான்.

சரி, நிதானமாகவே பேசுவோம். அவளுக்கு ஒன்பது வயது. முக்கால் மணி நேரம் ஷட்டில், அதிலும் கால் மணி நேரம் வரிசையில் நின்று பக்கத்துப் பெண்ணோடு கதை. இதற்குத் தண்ணீர் போதும்.

கேட்டரேட் என்ற ஸ்போர்ட்ஸ் டிரிங்க் எப்படி வந்தது தெரியுமா? 1965-இல் புளோரிடா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணிக்காக. கனத்த கவசத்தோடு அந்த ஊர்ப் புழுக்கத்தில் மணிக்கணக்காக ஆடிச் சுருண்டு விழுந்தவர்களுக்காக ராபர்ட் கேட் என்ற மருத்துவர் குழுவோடு சேர்ந்து தண்ணீர், உப்பு, சர்க்கரை கலந்தார். வாயில் வைக்க முடியவில்லை, அவர் மனைவி சொல்லித்தான் எலுமிச்சை பிழிந்தார்கள். நம் தெருமுனைத் தள்ளுவண்டிக்காரருக்குக் காப்புரிமை வாங்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். இந்த மாதிரி பானங்களில் 100 மில்லிக்கு சுமார் 6 கிராம் சர்க்கரை. அரை லிட்டர் பாட்டிலில் 30 கிராம். முக்கால் மணி நேர ஷட்டிலுக்கு!

"நீ என்ன டாக்டரா?" இல்லைங்க, கணக்கர். லேபிள் படிக்கத் தெரியும். ஓஆர்எஸ் (வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல்) என்று பெயர் போட்டுச் சர்க்கரைத் தண்ணீர் விற்றதை 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடுத்தது, அதுவும் ஹைதராபாத்தில் ஒரு குழந்தை மருத்துவர் எட்டு வருடம் மல்லுக்கட்டிய பிறகு. அதுவரை வயிற்றுப்போக்கில் கிடந்த குழந்தைகளுக்கு அதை வாங்கிக் கொடுத்தவர்களும் லேபிளை நம்பினவர்கள்தானே?

"மாரத்தான் ஓடுகிறவர்கள்?" குடிக்கட்டும், அவர்களுக்குத் தேவைதான். தசை பலத்துக்காக ஜிம்காரர்கள் சாப்பிடும் கிரியேட்டின் பவுடருக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். "ஐபிஎல்லில் குடிக்கிறார்களே?" என்பவருக்குப் பதில் சொல்லப்போவதில்லை.

நானும் ஏமாந்தவன்தான். ஜிம்முக்குப் போன காலத்தில் 3,200 ரூபாய்க்கு ஒரு கிலோ புரோட்டீன் பவுடர் வாங்கினேன். ஒரு ஸ்கூப்பில் 24 கிராம் புரதம், கணக்குப் பார்த்தால் ஸ்கூப் நூறு ரூபாய்ப் பக்கம் வந்தது. அதே புரதம் நாலு முட்டையில் கிடைக்கும். முட்டை வயிற்றைப் பலூன் மாதிரி ஊத வைக்காது, இரவில் மனைவி என்னை ஹாலுக்குத் துரத்தவும் மாட்டாள். உடம்பு ஏறியதா என்று கேட்காதீர்கள். அந்தக் கறுப்பு டப்பாவில் இப்போது இட்லி அரிசி கிடக்கிறது, ஸ்கூப்பும் அதற்குள்தான்.

உடனே "பழம்பெருமை பேசுகிறான்" என்று வருவீர்கள். மோர் அமிர்தம் என்று நான் எங்கே சொன்னேன்? தண்ணீர் போதும் என்றுதான் முதலிலிருந்தே சொல்கிறேன், தண்ணீர் போதும். மோரும் ஒன்றும் கெடுதல் செய்யாது. அதைக் கடைகிறவர் என் அம்மா. எழுபத்தொரு வயதில் விடிகாலை எழுந்து, இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டு, பேத்தி தொண்டையில் சிக்கக் கூடாதென்று இரண்டு தடவை வடிகட்டிக் கொடுக்கிறார். அதில் என்னங்க அசிங்கம்?

இன்று காலை மகள் அடுக்களையில் போய் நின்று, "உள்ளே இருக்கறது வெளிய தெரியாத பாட்டில்ல ஊத்திக் குடு பாட்டி" என்றாள். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி, பரணில் ஸ்டீல் பாட்டிலைத் தேட ஆரம்பித்தார்.