பராமரிப்பு வேலை மட்டும் இல்லை
"முதலீட்டு வங்கியில் டெக் வேலை என்றால், வெளியில் வாங்கிய மென்பொருளைப் பராமரிப்பதுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லைங்க. கோல்ட்மேன் சாக்ஸ் என்ற முதலீட்டு வங்கியின் செக்டிபி என்ற இடர்க் கணக்கீட்டு அமைப்பும், அதற்கென்றே உருவான ஸ்லாங் என்ற நிரல் மொழியும் 1990-களிலிருந்து அவர்களே எழுதி வளர்த்தவை. இன்று யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும் எக்லிப்ஸ் கலெக்‌ஷன்ஸ் என்ற ஜாவா நிரல் நூலகமும் அங்கே பிறந்ததுதான். ஸ்லாங் அனுபவத்துக்கு அந்த வங்கிக்கு வெளியே மதிப்பு குறைவு என்று சொல்லியிருந்தால் சண்டைக்கே வந்திருக்க மாட்டேன்.

அப்புறம், "மென்பொருளில் சின்ன மாற்றத்துக்கும் பத்துப் பேர் ஒப்புதல், வெட்டி வேலை" என்கிறீர்கள். எரிச்சல்தான், ஆனால் காரணம் இருக்கிறது. 2012 ஆகஸ்டில் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தில் எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரலை ஏற்ற மறந்துவிட்டார்கள். முக்கால் மணி நேரத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்.