முதல் ரேஸிலேயே டேடோனா 500-ஐ வென்ற "புது டீம்": உண்மை என்ன?

"பகுதிநேரமாக ஓடிய ஒரு புது டீம், தன் முதல் ரேஸிலேயே டேடோனா 500-ஐ வென்றது" என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. (டேடோனா 500 என்பது அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயங்களில் புகழ்பெற்ற ரேஸ்.) நான் பார்த்த இரண்டு குழுக்களிலும் வந்துவிட்டது. அது தவறு.

அந்த ஃபார்வர்டு சொல்வது 2011 ரேஸை; அதை வென்றது வுட் பிரதர்ஸ் டீம், ஓட்டியவர் ட்ரெவர் பெய்ன். அந்த ஆண்டு அவர்கள் எல்லா ரேஸிலும் ஓடவில்லை என்பது சரிதான், ஆனால் புது டீமா? வர்ஜீனியாவின் ஸ்டூவர்ட் ஊரில் 1950-இலேயே கிளென் வுட் தொடங்கியது. 2011-க்கு முன்பே 1963, 1968, 1972, 1976 என நான்கு முறை அதே ரேஸை வென்றவர்கள். 1976-இல் கடைசிச் சுற்றில் ரிச்சர்ட் பெட்டியும் வுட் பிரதர்ஸ் ஓட்டுநர் டேவிட் பியர்சனும் மோதிச் சுழல, பியர்சன் கிளட்சை மிதித்து இன்ஜின் அணையாமல் பார்த்துக்கொண்டு, நொறுங்கிய 21-ஆம் எண் காரைப் புல்வெளியிலிருந்து ஊர்ந்தபடியே முடிவுக் கோட்டைத் தாண்ட வைத்தார்! இவர்களைப் போய் புது டீம் என்பது மனதுக்கு வருத்தமாக இருக்கிறது.

அப்புறம், ஓட்டுநருக்கும் அது முதல் ரேஸ் இல்லை. முந்தைய நாள்தான் 20 வயதை எட்டிய ட்ரெவர் பெய்னுக்கு அது நாஸ்காரின் முதன்மைத் தொடரான கப்பில் இரண்டாவது ரேஸ். முதலாவது 2010-இல் டெக்சாஸில்.

நாஸ்கார் முடிவுகளிலும் ரேசிங்-ரெஃபரன்ஸ் தளத்திலும் நீங்களே பார்க்கலாம். அந்த ஃபார்வர்டை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்பியிருந்தால் அதே குழுவில் இதையும் போட்டுவிடுங்கள்.