வாசனுக்கு முதலில் வந்தது பத்திரிகைதான்

‘சந்திரலேகா’ படத்தில் கிடைத்த லாபத்தைக் கொண்டுதான் எஸ். எஸ். வாசன் ஆனந்த விகடனைத் தொடங்கினார் என்று இங்கே ஒரு தகவல் பகிரப்பட்டிருக்கிறது. பகிர்ந்தவர்கள் தவறாக நினைக்க வேண்டாம், வரிசை தலைகீழாகிவிட்டது. விகடன் வாசன் தொடங்கிய இதழே அல்ல; பூதூர் வைத்தியநாதையர் நடத்திவந்ததை அவர் 1928இல் விலைக்கு வாங்கினார். ‘சந்திரலேகா’ வெளியானது 1948இல். நடுவே முழுதாக இருபது ஆண்டுகள்!

சரிபார்ப்பது எளிது. எம்.ஜி.ஆரின் முதல் படமான ‘சதிலீலாவதி’ 1936இல் வந்தது. அதன் கதை, வாசன் விகடனில் எழுதிய தொடர். கல்கியின் ‘தியாகபூமி’யும் விகடனில் தொடராக வந்து, 1939இல் படமானது. ‘சந்திரலேகா’வை எடுத்த வாசனின் ஜெமினி ஸ்டூடியோ அப்போது பிறக்கவேயில்லை. சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் முப்பதுகளின் விகடன் இதழைக் கேட்டுப் பாருங்கள். தேதி அதிலேயே அச்சாகியிருக்கும்.

‘சந்திரலேகா’வின் முரசு நடனத்தின் பிரம்மாண்டம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அதை எடுத்தவர், அதற்கு வெகுகாலம் முன்பே தமிழ் வாசகர்களைத் தேடிப்போன பத்திரிகைக்காரர். அந்த உழைப்பை மறைத்துவிட வேண்டாமே. பதிவைத் திருத்தினால் மகிழ்வேன்.