அம்மாவை வெளியே நிறுத்திய கதவு

அஞ்சு பேர் உள்ள குடும்பத்துக்கு உல்லாசக் கப்பலில் நேர்மையான விலை என்று ஒன்று கிடையாது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், கூட ஒரு பாட்டி. சிங்கப்பூரில் இப்படி எத்தனை வீடுகள்! ஜூன் விடுமுறையிலோ வருடக் கடைசி விடுமுறையிலோ மரீனா பே கப்பல் முனையத்தில் போய் நின்று பாருங்கள். பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற தாத்தா பாட்டிகளுக்குப் பஞ்சமே இருக்காது. விளம்பரப் படத்திலும் அவர்கள்தான் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அறை கட்டும்போதும் விலை போடும்போதும் மட்டும் அவர்கள் யாருடைய நினைவிலும் இல்லை.

விலையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பெரிய எழுத்தில் ‘ஒருவருக்கு இவ்வளவு வெள்ளி’ என்று போடுவார்கள். ஓர் அறையில் இரண்டு பேர் தங்கினால் ஆளுக்கு ஆகும் கட்டணம் அது. மூணாவது, நாலாவது ஆளுக்குக் கொஞ்சம் குறையும், விடுமுறைக் காலத்தில் அதுவும் பெரிதாகக் குறையாது. ஒருவரே தனியாக ஓர் அறை எடுத்தால் பெரும்பாலும் இரண்டு பேர் கட்டணத்தையும் அவரே கட்ட வேண்டும். இதையெல்லாம் சின்ன எழுத்தில் கடைசியில் போட்டிருப்பார்கள்.

ஆளுக்கு 500 வெள்ளி, மூணாவது நாலாவது ஆளுக்கு 400 வெள்ளி என்று ஒரு பேச்சுக்கு வையுங்கள். நாங்கள் நாலு பேர் ஓர் அறையிலும் அம்மா தனியாக ஓர் அறையிலும் இருந்தால் எங்கள் அறைக்கு 1,800, அம்மா ஒருவருக்கு மட்டும் 1,000, ஆக 2,800 வெள்ளி. அதே அஞ்சு பேர், அதே இரண்டு அறை, பிள்ளைகளில் ஒருவரை மட்டும் பாட்டியோடு படுக்க அனுப்பினால் 2,400. யார் எங்கே படுக்கிறார்கள் என்பதில் மட்டும் 400 வெள்ளி வித்தியாசம்! இதை எந்த முன்பதிவுப் பக்கமாவது தானாக எடுத்துச் சொல்கிறதா? ஏஜென்ட் சொல்கிறாரா? நாமே காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டும். கணவர் இறந்துபோன ஒரு பெண் தன் பிள்ளைகளோடு பயணம் வந்தால், காலியாகக் கிடக்கிற பக்கத்துப் படுக்கைக்கும் காசு கேட்கிறார்கள். எனக்கு இதைவிட ஆத்திரமூட்டுகிற விஷயம் இந்தத் தொழிலில் ஒன்றுதான் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

விலை அதோடு முடிவதில்லை. துறைமுகக் கட்டணம் தனி. சிப்பந்திகளுக்கான சேவைக் கட்டணம் ஒவ்வோர் இரவுக்கும் தலைக்கு இவ்வளவு என்று தனி, பல கப்பல்களில் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். சூட் என்கிற பெரிய சொகுசு அறை எடுத்தவர்களுக்கு அந்தக் கட்டணமும் பெரும்பாலான நிறுவனங்களில் கூடுதல். ஆகவே சூட் அறைக்கும் சாதாரண அறைக்கும் உள்ள உண்மையான வித்தியாசத்தைக் கடைசிப் பக்கத்துக்குப் போய், அட்டை எண்ணைப் போடப் போகும் நேரத்தில்தான் பார்க்கவே முடியும்.

சரி, சாதாரண அறையே போதும் என்று முடிவு செய்கிறோம். ஜன்னல் இல்லாத உள்ளறை பெரும்பாலும் 15 சதுர மீட்டர் சுற்றி இருக்கும். வீவக அடுக்குமாடி வீட்டின் பெரிய படுக்கையறையை நினைத்துக்கொள்ளுங்கள், அதற்குள்ளேயே குளியலறை, அலமாரி, மேசை எல்லாம். ‘நாலு பேர் தங்கலாம்’ என்று எழுதியிருப்பார்கள். தங்கலாம்தான். சோபாவை இழுத்துப் படுக்கையாக்கினால் நடக்கிற இடம் போய்விடும். நாலாவது படுக்கை சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்கும், ஏணி வைத்து ஏற வேண்டும். சின்னக் குழந்தையை அதில் படுக்கவைக்கக் கூடாது என்றும் பல கப்பல்களில் விதி இருக்கிறது. அப்படியானால் சின்னக் குழந்தையோடு வருகிற குடும்பத்துக்கு அது எப்படி நாலு பேர் அறை? ராத்திரி யாராவது ஒருவர் எழுந்தால் நாலு பேரும் எழுந்தாக வேண்டும். காலையில் கரை இறங்க வேண்டிய நேரத்தில் ஒரே குளியலறைக்கு வெளியே எல்லாரும் துண்டோடு நிற்போம்.

இடமில்லாததால் வேறு வழியில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். 1998ல் ஓடத் தொடங்கிய டிஸ்னி மேஜிக் கப்பலில் அப்போதே பெரும்பாலான அறைகளில் குளியலறையை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஒன்றில் கழிப்பறை, இன்னொன்றில் குளிக்கிற இடம், இரண்டிலும் முகம் கழுவத் தனித்தனித் தொட்டி. ஒருவர் குளிக்கும்போது இன்னொருவர் பல் தேய்க்கலாம். குடும்பம் என்றால் என்ன என்று யோசித்த ஒருவர் செய்த வேலை அது. கால் நூற்றாண்டு ஆன பிறகும் மற்ற பல கப்பல்களில் சாதாரண அறை எடுப்பவர்களுக்கு அந்த யோசனை வந்து சேரவில்லை. குடும்பத்துக்கென்று எதையாவது புதிதாகச் செய்தால் அது உச்சாணிக் கொம்பில்தான் போய் உட்கார்கிறது. 2018ல் வந்த சிம்ஃபனி ஆஃப் தி சீஸ் கப்பலில் இரண்டு மாடிக் குடும்ப சூட், பிள்ளைகள் அறையிலிருந்து கூடத்துக்குச் சறுக்கிக்கொண்டே இறங்கலாம். 2024ல் ஐகான் ஆஃப் தி சீஸில் மூணு மாடி வீடே வைத்துவிட்டார்கள், அதிலும் சறுக்குமரம். யார் கேட்டார்கள் சறுக்குமரம்? எங்களுக்குக் கூடுதலாக ஒரு கழிப்பறை போதும்.

இன்னொன்று. இணையத்தில் அறை காலி என்று காட்டும், நாலு பேர் என்று போட்டதும் மறைந்துவிடும். இதற்கு மட்டும் நியாயமான காரணம் இருக்கிறது. 1912ல் டைட்டானிக் மூழ்கியதும் 1914ல் நாடுகள் கூடி, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கையை எழுதின. கப்பலில் இருக்கிற ஒவ்வோர் உயிருக்கும் உயிர்காப்புப் படகில் இடம் வேண்டும் என்பது அதிலிருந்து வந்த பாடம். கைக்குழந்தையும் அதில் ஒரு தலைதான். ஒவ்வொரு பகுதி அறைக்காரர்களுக்கும் ஆபத்து நேரத்தில் ஒரு கூடுமிடம், அங்கே இத்தனை பேர்தான் என்று கணக்கு. அந்தக் கணக்கு நிறைந்துவிட்டால் நாலு படுக்கை இருக்கிற அறையையும் இரண்டு பேருக்குத்தான் தருவார்கள். அப்படித்தான் செய்யவும் வேண்டும். என் கோபம் அந்த விதிமேல் இல்லை. காரணத்தை ஒரு வரியில் சொல்லாமல், ‘உங்கள் குடும்பத்துக்கு ஏற்ற அறைகள்’ என்று நேராக சூட் பக்கத்துக்குத் தள்ளிவிடுகிறார்களே, அதன்மேல்தான். சாதாரண அறையே இல்லை போலிருக்கிறது என்று பயந்து எத்தனை பேர் அங்கே பணத்தைக் கொட்டியிருப்பார்கள்!

அப்புறம் அந்த ஏல மின்னஞ்சல்கள். பதிவு செய்த பிறகு, அறையை உயர்த்திக்கொள்ள எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டு வந்துகொண்டே இருக்கும். நாம் ஒரு தொகை எழுதி அனுப்ப வேண்டும். ஏற்றுக்கொண்டால் அட்டையிலிருந்து பணம் போய்விடும், திரும்பக் கிடைக்காது, எந்த அறை என்பதும் நம் கையில் இல்லை. நடுவில் கதவு வைத்த இரண்டு அறைகளைப் போன் போட்டுக் கெஞ்சி வாங்கி வைத்திருப்போம். ஏலத்தில் ஓர் அறை மட்டும் உயர்ந்தால் பாட்டி ஒரு தளம், பேரன் ஒரு தளம். இதை அந்த மின்னஞ்சல் எச்சரிக்குமா? எச்சரிக்காது.

இப்போது அம்மாவை வெளியே நிறுத்திய அந்தக் கதவுக்கு வருகிறேன். அம்மாவுக்கு முட்டி வலி, பிள்ளைகளுக்கு ஓட இடம் வேண்டும், வாழ்க்கையில் ஒரு தடவை நல்ல அறை எடுப்போம் என்று சூட் எடுத்தோம். நாலு பேருக்குமேல் அந்த அறையில் அனுமதி இல்லை, அதனால் அம்மாவுக்கு ஒரு சாதாரண அறை. சூட்காரர்களுக்கென்று தனி உணவகம், தனி ஓய்வுக்கூடம். அம்மாவையும் அங்கே கூட்டிப்போகலாமா என்று பணம் கட்டும் முன்பே ஏஜென்ட்டிடம் கேட்டோம். ஒரே குடும்பம், ஒரே பதிவு, பிரச்சினையே இருக்காது என்றார்.

முதல் நாள் காலை. கதவுக்குப் பக்கத்தில் அட்டையைக் காட்ட வேண்டும். எங்கள் நாலு பேருக்கும் பச்சை விளக்கு. அம்மாவுக்குச் சிவப்பு. வாசலில் நின்ற பையன் இன்னொரு தடவை வைத்துப் பார்த்தான், மறுபடியும் சிவப்பு. “மன்னிக்கணும் மேடம், இவங்க அறைக்கு அனுமதி இல்லை” என்றான். அம்மா கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கி நின்றார். “நீங்க போய்ச் சாப்பிடுங்கம்மா, நான் மேல பஃபேல ஏதாவது பார்த்துக்கிறேன்” என்றார். சின்னவள், “பாட்டி கார்டு கெட்டுப்போச்சா?” என்று கேட்டாள். என்ன பதில் சொல்வது? பாட்டி கொடுத்த காசு உன்னுடையதைவிடக் குறைவு என்றா?

அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன். ஊரையும் வீட்டையும் விட்டு மாதக்கணக்கில் கப்பலிலேயே வேலை செய்கிறவன், அவன் விதியை எழுதவில்லை. வரவேற்பு மேசைக்குப் போனேன். விதி விதிதான் என்றார்கள். கூடுதலாக அவர்கள் சொன்ன ஒரே தீர்வு, அம்மாவையும் ஒரு சூட்டுக்கு மாற்றலாம், இவ்வளவு ஆகும் என்பதுதான். ஒரு வயதான அம்மாவின் காலைச் சாப்பாட்டை வைத்து இன்னோர் அறையை விற்கப் பார்த்தார்கள். அன்றிலிருந்து அஞ்சு பேரும் பஃபேயில்தான் சாப்பிட்டோம். காசு கொடுத்து வாங்கிய உணவகத்துக்குள் நாங்கள் ஒரு வேளைகூட உட்காரவில்லை. உட்கார மனசு வருமா?

காசு கொடுத்தவருக்குத்தானே சலுகை என்று சிலர் சொல்வார்கள். ஒத்துக்கொள்கிறேன். கப்பலுக்குள் ஒரு தனிக் கப்பல் என்ற முறை இன்று பல நிறுவனங்களில் இருக்கிறது. எம்எஸ்சி நிறுவனம் 2008லேயே ஃபேன்டாசியா கப்பலில் யாட் கிளப் என்று தொடங்கியது. நார்வீஜியனில் ஹேவன், ஜென்டிங் டிரீமில் பேலஸ். அமைதியும் தனிமையும் வேண்டும் என்கிற இரண்டு பேருக்கு அது நல்ல பொருள்தான், அதை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் அதைக் குடும்பப் பயணம் என்று விற்காதீர்கள். விற்றால், அதே பதிவில் இருக்கிற தாய் தகப்பனை உள்ளே விடுங்கள். ஒரு வேளைக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்தால்கூடக் கட்டிவிட்டுப் போகிறோம். அதுவும் முடியாது என்றால், சூட் பக்கத்தில் பாட்டி மடியில் பேத்தி உட்கார்ந்திருக்கும் அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள்.

கப்பலில் வகுப்புப் பிரிப்பது நம் ஆட்களுக்குப் புதிதா என்ன? 1926ல் கட்டிய ரஜூலா கப்பல் 1970களின் தொடக்கம் வரைக்கும் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. இங்கே இருக்கிற எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் மூத்தவர்கள் அதன் டெக்கில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்கள்தான். வசதி இல்லை, கஷ்டம்தான். ஆனால் டெக் டிக்கெட் வாங்கியவருக்குத் தான் டெக்கில்தான் போகப்போகிறோம் என்று ஏறும் முன்பே தெரியும். இன்றைக்குப் பாதிக் கடல் போன பிறகு, ஒரு சிவப்பு விளக்கு சொல்லித்தான் தெரிய வேண்டியிருக்கிறது.

கடல் ஆட்டத்தைப் பற்றியும் யாரும் வாய் திறப்பதில்லை. கப்பல் குறைவாக ஆடுவது நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில். அங்கேதான் மலிவான அறைகள் நிறைய இருக்கின்றன. சூட்கள் பெரும்பாலும் மேலே, சிலது முன்கோடியிலோ பின்கோடியிலோ. மலாக்கா நீரிணை வழியாகப் பினாங்கு, ஃபூக்கெட் என்று போகிறவர்களுக்குப் பெரும்பாலும் தொந்தரவு இருக்காது. டிசம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது தென்சீனக் கடல் பக்கம் வியட்நாமுக்குப் போனால் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். தலைசுற்றல் உள்ள பெரியவர்களுக்கு மேல்தள சூட்டைவிட நடுவில் உள்ள சாதாரண அறை நல்லது என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகுமா? விலை கூடினால் எல்லாமே கூடுதல் நன்மை என்றுதான் விற்கிறார்கள். நீச்சல் குளத்துக்கு நேர் கீழே அறை கிடைத்தவர்களைக் கேளுங்கள், விடியும் முன்பே தலைக்குமேல் நாற்காலி இழுக்கிற சத்தத்தைப் பற்றிச் சொல்வார்கள். அதில் விலை உயர்ந்த அறைகளும் உண்டு.

புகார் எழுதினேன். பல வாரம் கழித்துப் பதில் வந்தது. வருத்தம் தெரிவித்து, அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ள ஒரு தொகை. ஒரு வருடத்துக்குள் புதிதாகப் பதிவு செய்தால்தான் செல்லும். அம்மாவை ஏன் வெளியே நிறுத்தினீர்கள் என்ற கேள்விக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. அந்தத் தொகையை நான் தொடப் போவதில்லை.

பிள்ளைகள் மறுபடியும் கப்பல் கேட்கிறார்கள். அம்மாவுக்கும் ஆசைதான், வாய்விட்டுச் சொல்ல மாட்டார். இந்தத் தடவை வேறு ஏஜென்ட். அஞ்சு பேருக்கும் துறைமுகக் கட்டணம், சேவைக் கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு, நாலும் ஒண்ணுமாகப் பிரித்தால் எவ்வளவு, மூணும் இரண்டுமாகப் பிரித்தால் எவ்வளவு, இணைப்புக் கதவு உள்ள அறைகளின் எண் என்ன, ஓர் அறைக்காரருக்குத் திறக்கிற கதவுகளில் எவை இன்னோர் அறைக்காரருக்குத் திறக்காது என்று கேட்டு அனுப்பியிருக்கிறேன். போனில் சொல்கிறேன் என்றார். எழுத்தில் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அது வந்த பிறகுதான் முன்பணம்.