சைக்கிள் ஓட்டாதவர்கள் சோம்பேறிகள் இல்லை

நம் ஊர் சைக்கிள் விழா மேடையில் ஒருவர் பேசிய அந்த வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "பாதை போட்டுக் கொடுத்தாச்சு, ஜனங்கதான் வரமாட்டேங்கிறாங்க, நகரத்துக்காரங்களுக்கு உடம்பு வளையாது" என்று அவர் மேடையில் பேசியதற்கு என் நண்பர்களிலேயே பலர் இதயம் போட்டிருக்கிறீர்கள். ராத்திரி முழுக்க அது உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

மக்கள் சைக்கிளை எடுக்காததற்குக் காரணம் சோம்பல் இல்லை. பயம்.

அவர் சொன்ன அந்தப் பாதை என்ன என்று தினமும் அதில் போகிற எனக்குத் தெரியும். சாலை ஓரத்தில் ஒரு பெயின்ட் கோடு, அவ்வளவுதான். அதன் மேல் வரிசையாகக் கார்கள் நிற்கும். ஒவ்வொரு காரையும் சுற்றிக்கொண்டு பஸ் வருகிற பக்கம் ஒதுங்க வேண்டும். சிக்னல் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அந்தக் கோடும் காணாமல் போய்விடும். சைக்கிள்காரர்கள் அதிகம் அடிபடுவது சந்திப்புகளில்தான். அங்கே கைவிட்டுவிட்டு, மற்ற இடத்தில் பெயின்ட் அடித்து என்ன பயன்?

அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரத்தின் சைக்கிள் திட்டங்களைக் கவனித்த ரோஜர் கெல்லர் 2006இல் நகரவாசிகளை நான்காகப் பிரித்தார். எந்தச் சாலையிலும் அஞ்சாமல் ஓட்டுபவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு. ஓரளவு வசதி இருந்தால் ஓட்டுபவர்கள் 7 சதவீதம். என்ன செய்தாலும் வரமாட்டேன் என்பவர்கள் மூன்றில் ஒரு பங்கு. மீதி 60 சதவீதம் பேருக்கு ஓட்ட ஆசை இருக்கிறது, ஆனால் பயம். இந்த 60 சதவீதத்தைத்தான் மேடையில் சோம்பேறி என்கிறார்கள். அது அவருடைய மதிப்பீடுதான், கல்வெட்டு இல்லை. ஆனாலும் உங்கள் வீட்டில் இருப்பவர்களை எண்ணிப் பாருங்கள், பெரும்பாலும் பயப்படுகிற அந்த 60 சதவீதக் கூட்டத்தில்தான் இருப்பார்கள்.

என் அக்கா அந்தக் கூட்டம்தான். வேலைக்குப் போக ஆசையாக ஒரு சைக்கிள் வாங்கினாள். உள்தெருக்களில் அவள் ஓட்டுவதைப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். ஒரு நாள் பெரிய சாலையில் பின்னாலிருந்து ஒரு வேன் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டே வந்து, ஹேண்டில்பாரை உரசுகிற மாதிரி கடந்து போனது. அடிபடவில்லை. ஆனால் இறங்கி உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டாள். "நீ போடா, எனக்குப் பிள்ளைங்க இருக்கு" என்றாள். அதோடு சரி. அவளுக்கா உடம்பு வளையாது? வீட்டில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து கடைசியாகப் படுப்பவள் அவள்.

இப்போது வெயில் என்பீர்கள். கோடையில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர் ஸ்பெயினின் செவில்யா. 2006 வாக்கில் வேலையைத் தொடங்கி, குறுகிய காலத்தில் சுமார் 80 கிலோமீட்டருக்கு, வண்டிகள் நுழைய முடியாதபடி தடுப்போடு, ஒன்றோடொன்று இணைந்த பாதை போட்டார்கள். அதற்காகக் கார் நிறுத்தும் இடங்களை எடுத்தார்கள். 1 சதவீதம்கூட இல்லாத சைக்கிள் பயணம் சில வருடங்களில் 6 சதவீதத்தை ஒட்டி வந்தது. அந்த ஊர் வெயில் குறையவில்லை, ஜனங்களும் மாறவில்லை. பாதை முழுசாக இருந்தது, நடுவில் அறுந்து போகவில்லை. குளிர் என்றால் ஃபின்லாந்தின் ஓலு நகரம், அங்கே பனியில் பிள்ளைகள் பள்ளிக்கு ஓட்டுகிறார்கள். மேடு என்றால் மின்சார சைக்கிள் வந்துவிட்டது.

"நெதர்லாந்து வேற, அது அவங்க கலாச்சாரம்" என்பதுதான் எனக்குக் கோபம் வருகிற பதில். 1971இல் அந்த நாட்டுச் சாலைகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், அதில் நானூறுக்கும் மேல் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். "குழந்தைக் கொலையை நிறுத்து" என்ற பெயரிலேயே இயக்கம் நடத்தினார்கள். பெட்ரோல் தட்டுப்பாடு வந்த 1973 எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. அப்புறம்தான் அரசு சைக்கிள் பக்கம் மெதுவாகத் திரும்பியது. அங்கே இருக்கும் சைக்கிள் பாதைகள் சண்டை போட்டு வாங்கியவை.

சுற்றுச்சூழல் உபதேசமும் போதும். டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் சைக்கிள் ஓட்டுபவர்களைக் கேட்டால் பெரும்பாலானவர்கள் சொல்வது சைக்கிள் வேகம், சுலபம் என்றுதான். பூமியைக் காக்க என்பவர்கள் கொஞ்சம் பேர். சுலபமாக்கிக் கொடுத்தால் யாரும் கெஞ்ச வேண்டாம். போகிற இடத்தில் திருடு போகாமல் பூட்டி வைக்க ஓர் இடமும் வேண்டும்.

வாசலில் கார் நிறுத்த இடம் போய்விடுமே என்ற கடைக்காரர்களின் கவலை நியாயமானது, பேசித் தீர்க்கலாம். ஆனால் "சைக்கிள்காரன் சிக்னல் மதிக்கிறதில்லை, முதல்ல அவனைத் திருத்து" என்று எழுதியவருக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. தப்பு செய்கிற சைக்கிள்காரர் இருக்கிறார், மறுக்கவில்லை. அதற்காக ஒழுங்காகப் போகிற எல்லோரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டுமா? கார்காரர்கள் சிக்னலைத் தாண்டுவதால் யாரும் மேம்பாலத்தை நிறுத்தவில்லையே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மக்கள் வரவில்லை என்கிறார்களே, வந்துகொண்டிருப்பவர்கள் இவர்கள் கண்ணில் படவே இல்லையா? விடியலில் பேப்பர் போடுபவர், ராத்திரி வேலை முடிந்து திரும்பும் காவலாளி, கேரியரில் கருவிப் பையைக் கட்டிக்கொண்டு போகும் கொத்தனார். இவர்களை யாரும் விழாவுக்கு அழைப்பதில்லை, டீஷர்ட் கொடுப்பதில்லை. வேறு வண்டி இல்லாததால் ஓட்டுகிறார்கள், இதே சாலையில்தான் அடிபடுகிறார்கள். விழாவுக்குச் செலவழித்ததை எடுத்து அந்தப் பாதையில் வரும் பெரிய சந்திப்பில் தடுப்பு வைக்கச் சொல்லி இன்று மனு எழுதியிருக்கிறேன். அந்த வீடியோவுக்கு இதயம் போட்டவர்களும் அதில் கையெழுத்துப் போடுங்கள். மனு என்னிடம் இருக்கிறது, உள்பெட்டியில் கேளுங்கள்.